மாலைக்கண்ணைப் பற்றி இரண்டு பக்கம்

மலாயாவில், கிள்ளானுக்கு மேற்கே, கடலை ஒட்டிய தென்னந்தோட்டம் ஒன்றில் நான் டிரசராக, அதாவது டாக்டருக்கு உதவியாளனாக, வேலை பார்த்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போதாவது காரில் வந்து எட்டிப் பார்ப்பார். மற்றபடி காய்ச்சல், புண், பிரசவம், பூரான்கடி எல்லாம் என் தலையில்தான். ஆங்கிலப் பள்ளியில் படித்துக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவன் நான். மருத்துவம் ஓரளவு தெரியும் என்று நினைத்திருந்தேன். எழுத்து நன்றாகவே வரும் என்று நம்பியிருந்தேன். தோட்டத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்த நம்பிக்கைக்குச் சோதனை முப்பதுகளின் தொடக்கத்தில் வந்தது.

ஒரு நாள் பொழுது சாயும் வேளையில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் போயிருந்தேன். ஒரு சிறுமி, தன் தம்பியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். தம்பிக்கு நான்கு வயது இருக்கும். அவளுக்கு அவனைப்போல் இரண்டு மடங்கு. அவன் நின்றால் அவளும் நின்றாள். முழங்காலில் ஆறாத காயம். என்னவென்று அவள் தாயிடம் கேட்டேன்.

"பொழுது எறங்கிட்டா அவளுக்குக் கண்ணு தெரியாதுங்க டிரசரே. போன வாரம் கால்வாயில விழுந்துட்டா. அதான் சின்னவனப் புடிச்சிக்கிட்டு நடன்னு சொல்லியிருக்கேன்."

"எத்தன நாளா இப்படி?"

"நாளு யாரு பாத்தா? வளந்தா சரியாப் போயிரும்னு சொல்றாங்க."

வளர்ந்தால் சரியாகாது என்பது எனக்குத் தெரியும். முற்றினால் பகல் வெளிச்சமும் போய்விடும். மறுநாள் அந்தி வேளையில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைக்கு முன்னால் இருந்த மைதானத்தில் தேங்காய்ச் சிரட்டைகளை வெள்ளைப் பக்கம் மேலாகப் பரப்பிவிட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பொறுக்கிவரச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்து ஓடி வந்தார்கள். பலர் பொறுக்கினார்கள். சிலர் மட்டும் மைதானத்தின் நடுவில் நின்றபடி கால்களால் தரையைத் தடவினார்கள். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். தோட்டத்தின் இன்னொரு பிரிவான கடலோர டிவிஷனுக்குப் போய் அங்கேயும் அதே சோதனை செய்தேன். அங்கேயும் அதே கதை.

வைட்டமின் என்ற சொல் அப்போது புத்தகங்களில் அடிக்கடி வரத் தொடங்கியிருந்தது. மீனெண்ணெய் கொடுத்தால் மாலைக்கண் தீரும் என்று படித்திருந்தேன். அவ்வளவு மீனெண்ணெய்க்கு நான் எங்கே போவேன்? செம்பனை எண்ணெயிலும் அதே சத்து இருப்பதாக இன்னோரிடத்தில் படித்தேன். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து டிரசர் எனக்குத் தெரிந்தவர். ஆலையிலிருந்து ஒரு டின் வாங்கி அனுப்பினார். ரத்தச் சிவப்பாகக் கெட்டியாக இருந்தது. தினமும் காலையில் ஆயாக்கொட்டகையில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரண்டி ஊற்றினேன். துப்பின பிள்ளைகளுக்கு மறுபடி ஊற்றினேன்.

சில வாரங்களில் அந்தச் சிறுமி தம்பியின் சட்டையை விட்டுவிட்டாள். சிரட்டை பொறுக்குவதில் அவள்தான் முதல் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். மற்றத் தோட்டங்களிலும் இப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள். கோலாலம்பூரில் டாக்டர்களின் சங்கம் ஒன்று சஞ்சிகை நடத்திவந்தது. அதில் ஒரு டிரசர் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதக்கூடாது என்றும் எங்கேயும் போட்டிருக்கவில்லை.

ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். கட்டுரையின் முதல் வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பரந்து விரிந்த இப்பூமண்டலத்தில் மாந்தர்க்கு இறைவன் அருளிய செல்வங்கள் யாவற்றினும் தலையாயது கண்ணொளியே என்பதை அறிஞர் எவரும் மறுக்கத் துணியார்.' ஆங்கிலத்தில் அது இன்னும் நீளம். அடுத்து எகிப்தியர், கிரேக்கர், நம் சித்தர்கள் எல்லாரையும் வரிசையாக அழைத்துவந்தேன். எங்கள் தோட்டம் வருவதற்குள் பாதிக் கட்டுரை முடிந்திருந்தது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அதைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு, "பிரமாதம்ங்க" என்றார். சந்தோஷமாகத் தபாலில் சேர்த்தேன்.

கட்டுரை திரும்பி வந்தது. சஞ்சிகையின் ஆசிரியர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். கூடவே சுருக்கமாக ஒரு கடிதம் வைத்திருந்தார். நான் என்ன செய்தேன், யாருக்குச் செய்தேன், என்ன நடந்தது என்பதைத் தம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். பிள்ளைகளுக்குக் கண் தெரியவில்லை என்பதை எப்படி அறிந்தேன்? எண்ணெய் குடிக்காத பிள்ளைகள் என்ன ஆனார்கள்? எண்ணெய் இல்லாமலே அவர்கள் தேறியிருக்க மாட்டார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? இவற்றுக்குப் பதில் இருந்தால் மறுபடி அனுப்பலாம். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

நாள் முழுதும் கோபம் அடங்கவில்லை. சிரட்டைச் சோதனையைப் பற்றி எழுதியிருந்தேனே என்று பக்கங்களைப் புரட்டினேன். அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று நானே விட்டிருக்கிறேன். கோபம் அதோடு குறைந்துபோயிற்று. அவர் கேட்டதை எழுதிக் கொடுத்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

எப்படிச் சுருக்குவது என்பதுதான் தெரியவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அக்கா குடியிருந்தாள். அத்தான் ரயில்வேயில் தந்தி அடிப்பவர். அவரைவிடச் சுருக்கத் தெரிந்தவர் எனக்கு வேறு யாரும் இல்லை. ஒரு சனிக்கிழமை ரயிலேறி அங்கே போனேன்.

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதையும் படித்தார். படித்துவிட்டுத் தட்டிலிருந்த வடையைத் தின்று முடித்தார். அப்புறம்தான் பேசினார்.

"மாப்ள, இதுல யாருக்குக் கண்ணு தெரியல?"

"தோட்டத்துப் புள்ளைங்களுக்கு."

"அவங்கள எங்க காணோம்? எகிப்துக்காரன்லாம் வரான்."

"அது முன்னுரை அத்தான். விஷயத்துக்கு ஒரு கௌரவம் வேணாமா?"

"புள்ள குருடாகப் போவுது. அதுக்கு மேல என்னய்யா கௌரவம்?" என்று பென்சிலை எடுத்தார்.

அவர் அடித்த அடியில் முதல் ஆறு பக்கம் காணாமல் போயிற்று. ஒவ்வொரு வாக்கியத்தையும் காட்டி, "இத எடுத்துட்டா என்ன கெடும்?" என்று கேட்டார். நான் யோசிப்பேன். பெரும்பாலும் ஒன்றும் கெடாது. கெடும் என்று நான் சொன்ன இடத்தில், "அப்ப என்ன கெடும்னு எழுது" என்பார். அப்படி எழுதிய வாக்கியங்கள்தான் கடைசியில் நின்றன.

ஆசிரியரின் இரண்டாவது கேள்வியில் முட்டி நின்றோம். எண்ணெய் குடிக்காத பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

"பாதிப் புள்ளைங்களுக்கு ஊத்தாம வச்சு வேடிக்க பாக்கணும்கிறாரா? அத நான் செய்யமாட்டேன். கட்டுரையே வேணாம்" என்றேன்.

அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது; எங்கள் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எல்லாப் புள்ளைக்கும் ஒண்ணாவா குடுத்த?" என்றாள்.

"ஆமா. இருந்த புள்ளைங்க எல்லாருக்கும்."

"அப்புறம் ஏன் தம்பி தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வரல? கரை ஒடஞ்சுபோச்சு, கடலோரத்துப் புள்ளைங்களுக்கு இப்பத்தான் எண்ண கொண்டுபோறேன், வரமுடியாதுன்னு சொல்லியனுப்புனியே."

அத்தான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அது என்ன கதை என்று கேட்டார்.

நடந்தது இதுதான். கடல் பொங்கி ஏறும் பெருக்கு நாளில், கடல்நீரைத் தடுக்கும் மண்கரை உடைந்து, கடலோர டிவிஷனுக்குப் போகும் பாதை நீரில் மூழ்கிவிட்டது. அரிசிமூட்டை மட்டும் எப்படியோ படகில் போயிற்று. என்னால் போக முடியவில்லை. ஆஸ்பத்திரியும் என் வீடும் இருந்த பக்கத்துப் பிள்ளைகள் எண்ணெய் குடித்துத் தேறிய பிறகுதான் பாதை திறந்தது. கடலோரப் பிள்ளைகளுக்குத் தாமதமாகிவிட்டதே என்ற வருத்தத்தில் அதை ஒரு குறையாகவே நினைத்திருந்தேன். அதனால் கட்டுரையில் அதைத் தொடவே இல்லை. ஆனால் டின்னைத் தூக்கிக்கொண்டு அங்கே போன அன்று மாலை, எண்ணெய் ஊற்றும் முன்பு, சிரட்டையைப் பரப்பிப் பார்த்தேன். முன்பு கண் தெரியாதவர்கள் அன்றும் தரையைத் தடவிக்கொண்டுதான் நின்றார்கள். எண்ணெய் குடித்தபின் அவர்களும் தேறினார்கள்.

"இதவிட வேற என்ன ஆதாரம் வேணும் அவருக்கு?" என்றார் அத்தான். "கடலே உனக்குச் சோதன நடத்திக் குடுத்திருக்கு. நீ சித்தர்களக் கூப்புட்டு உக்கார வச்சிருக்க."

தோட்டத்துக்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் எழுதினேன். சிறுமி தம்பியின் சட்டையைப் பிடித்து வந்ததை முதல் வாக்கியமாக வைத்தேன். சிரட்டைச் சோதனையை, வேறொருவர் அதைப் படித்துத் தன் தோட்டத்தில் செய்து பார்க்கும்படி எழுதினேன்: எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில், எப்படிப் பரப்பி. கிராணியிடம் கொடுத்து, அதை மட்டும் படித்துப் பிள்ளைகளைச் சோதிக்கச் சொன்னேன். அவர் சிரட்டைகளைக் கவிழ்த்துப் போட்டார். வெள்ளைப் பக்கம் மேலே என்பதை நான் எழுதவில்லை. சேர்த்தேன். மறுபடி சோதிக்கச் சொன்னேன்.

அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸுக்குப் போனபோது எனக்கும் அத்தானுக்கும் சண்டை வந்தது. கடைசி வாக்கியத்தை அவர், 'செம்பனை எண்ணெய் மாலைக்கண்ணைக் குணப்படுத்தும்' என்று வெட்டி நிறுத்தியிருந்தார்.

"இது சரியில்ல அத்தான். எங்க தோட்டத்துல, நான் பாத்த புள்ளைங்களுக்குத் தேறுச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"வார்த்த கூடுதே."

"கூடட்டும். இத எடுத்தா கெடும்."

"என்ன கெடும்?"

"நான் சொல்றது பொய்யாயிடும்."

அத்தான் ரப்பரால் தன் கோட்டை அழித்தார். அவரிடமிருந்து கற்றதை அவரிடமே திருப்பிச் சொல்லி ஜெயித்தது அன்றைக்குத்தான். அலங்காரச் சொல்லும் எச்சரிக்கைச் சொல்லும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்றை வெட்டலாம், மற்றதை வெட்டக்கூடாது. அந்த வேறுபாடு பிடிபட்டபின் எனக்கு எழுதுவது எளிதாகவில்லை. எங்கே கஷ்டப்பட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

இரண்டு பக்கத்தை அனுப்பினேன். ஆசிரியரின் பதில் சீக்கிரமே வந்தது. சங்கத்தின் கூட்டத்தில் நானே வந்து பேச வேண்டும், பத்து நிமிடம், அதன்பின் அச்சிடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று எழுதியிருந்தார். லயத்தில் யாரோடும் பேசுவேன். கோட்டுப் போட்ட டாக்டர்கள் முன்னால், ஆங்கிலத்தில், நின்று பேசியதே இல்லை.

கூட்டத்துக்கு முன் அக்கா வீட்டில் தங்கி ஒத்திகை பார்த்தேன். அத்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தடவை காகிதத்தைப் பார்த்துப் படித்தேன். பின்னால் ரயில் போனது. நான் நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனேன்.

"ரயிலோடயா பேசுற?" என்றார் அத்தான். "எனக்கு ஒண்ணும் கேக்கல. நிறுத்து, போகட்டும், அப்புறம் சொல்லு."

அதிலிருந்து ரயில் வந்தபோதெல்லாம் நிறுத்தினேன். நிறுத்தி நிற்பது பேசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் தடவையில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். என்ன நடந்தது என்பது எனக்குத்தான் தெரியுமே.

படம் காட்டும் விளக்கு வசதி என்னிடம் இல்லை. அக்கா ஒரு நீளமான வெள்ளைத் துணியை மடித்துத் தைத்துக் கொடுத்தாள். அதில் கறுப்பு மையால் இரண்டு வரிசை வட்டங்கள் போட்டேன். மேல்வரிசை வீட்டுப் பக்கத்துப் பிள்ளைகள், கீழ்வரிசை கடலோரப் பிள்ளைகள். கண் தெரியாதவர்கள் கறுப்பு, தேறியவர்கள் வெறும் வட்டம். பார்த்தவுடன் புரிய வேண்டும் என்பதற்காகத் துணியில் வேறு எதுவும் எழுதவில்லை.

கூட்டத்தில் எனக்கு முன் பேசிய டாக்டர் விளக்குப் படம் காட்டினார். அதற்காக ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். அவர் முடித்ததும் தலைவர் என்னைக் கூப்பிட்டார். துணியை மாட்டினேன். இருட்டில் அது வெறும் சாம்பல் நிறமாகத் தொங்கியது. ஜன்னல்களைத் திறக்க யாரும் எழுந்திருக்கவில்லை. என் நேரம் ஓடத் தொடங்கியிருந்தது. அப்படியே தொடங்கிவிடு என்று ஒரு மனம் சொன்னது. தெரியாத துணியைக் காட்டிப் பேசுவதற்கு நான் கிள்ளானிலிருந்து வரவில்லை.

"தயவுசெய்து ஜன்னல்களைத் திறக்க வேண்டும்" என்று தலைவரைப் பார்த்துச் சொன்னேன்.

சபையில் ஒரு சலசலப்பு. பியூன் போய் ஒவ்வொன்றாகத் திறந்தான். நான் பேசாமல் நின்றேன். ரயில் போகட்டும் என்று நிற்பதுபோல் நின்றேன். கடைசி ஜன்னலும் திறந்து, எல்லார் பார்வையும் துணிமேல் படிந்த பிறகு, தம்பியின் சட்டையைப் பிடித்து வந்த சிறுமியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கரை உடைந்த இடம் வந்தபோது முன்வரிசையில் ஒருவர் முன்னால் சாய்ந்து வட்டங்களைப் பார்த்தார். ஜன்னலுக்காகப் போன நேரத்தால் பாதியை விட்டுவிட நேரும் என்று பயந்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

முன்னால் சாய்ந்தவர்தான் முதலில் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவர்.

"வீட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடை அருகில் இருக்கிறது. பாதை அடைபட்டிருந்த நாட்களில் கடலோரத்தார் மீன், காய்கறி குறைவாகச் சாப்பிட்டிருக்கலாம். வேறுபாட்டுக்கு அது காரணமாக இருக்கலாம் அல்லவா?"

அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாய்வரை வந்தது.

"இருக்கலாம். அந்த நாட்களில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் தலையசைத்து உட்கார்ந்தார். நான் தோற்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டு துணியைச் சுருட்டினேன். வெளியே வந்தபோது ஆசிரியர் வராந்தாவில் பிடித்துக்கொண்டார். "அந்தப் பதிலையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள். அச்சுக்கு அனுப்புகிறேன்" என்றார்.

அப்படியே சேர்த்தேன்: கடலோரத்தாரின் சாப்பாட்டை நான் விசாரிக்கவில்லை, அடுத்து ஆராய்பவர்கள் விசாரிக்க வேண்டும். சில மாதங்களில் சஞ்சிகை வந்தது. கடைசிப் பக்கங்களில், சிறிய எழுத்தில், என் இரண்டு பக்கம். தலைப்பை ஆசிரியர் மாற்றியிருந்தார். அது என் தலைப்பைவிட நன்றாக இருந்தது. அத்தான் ஒரு பிரதியை ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய்க் காட்டினாராம். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள். அவள் துணியில் பாதிகூட இல்லை என்பது அவள் வருத்தம்.

எங்கள் தோட்டத்து மேனேஜர் துரையும் அதைப் படித்தார். அதுவரை என் கைக்காசிலும் நண்பரின் தயவிலும் வந்துகொண்டிருந்த எண்ணெயைத் தோட்டச் செலவில் வாங்க உத்தரவு போட்டார். கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் பக்கத்து டிரசர்கள் சிலர் சிரட்டைச் சோதனையைச் செய்து பார்த்து எனக்கு எழுதினார்கள். ஒருவர் தோட்டத்தில் அவ்வளவாகப் பலன் இல்லை. அவரிடம் பிள்ளைகளின் சாப்பாட்டை விசாரிக்கச் சொன்னேன். நானும் எங்கள் லயங்களில் விசாரிக்கத் தொடங்கினேன்.

இதற்கிடையில் தாய்மார்கள் எண்ணெயை வேண்டாம் என்றார்கள். மிஷினுக்குப் போடுகிற எண்ணெய் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். துணியில் பட்டால் கறை வேறு. சரி, தமிழில் ஒரு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுப்போம் என்று எழுத உட்கார்ந்தேன். 'அன்னையெனும் தெய்வங்காள்' என்று தொடங்கிவிட்டது பேனா. ஆங்கிலத்தில் விட்ட பழக்கம் தமிழில் அப்படியே இருந்தது. கிழித்துப் போட்டேன்.

அடுத்து எழுதியதை அச்சடிக்கவில்லை. ஒரு மாலை லயத்துக்குக் கொண்டுபோய், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தியிடம் கொடுத்து, மற்றவர்களுக்கு உரக்கப் படிக்கச் சொன்னேன். நான் ஓரமாக நின்று கேட்டேன். 'சத்துக்குறைவினால் ஏற்படும் நோய்' என்ற இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கேட்டவர்கள் பிள்ளைகளை அதட்டப் போய்விட்டார்கள். அந்தச் சிறுமியின் தாய் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"டிரசரே, இத எதுல கலந்து குடுக்கறதுன்னு போடலியே" என்றாள். "பச்சையாக் குடுத்தா எம்மவளே துப்புறா. கொழம்பு தாளிக்கலாமா? தாளிச்சா சத்துப் போயிருமா?"

"கொஞ்சம் போகும்னு நெனைக்கிறேன். எவ்வளவு போகும்னு தெரியாது. சுடுசோத்துல ஊத்திப் பெசஞ்சு குடுங்க."

"அப்ப அத எழுதுங்க."

அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து, முதல் வரியை அடித்துவிட்டு, சுடுசோற்றை எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல மேலும் இரண்டு வரி மாறின. படிக்கத் தெரிந்தவளிடம் மறுபடி கொடுத்தேன். இந்த முறை நிற்காமல் படித்தாள். அந்த வாரமே பிரிக்பீல்ட்ஸ் அச்சுக்கூடத்தில் கொடுத்து அடித்து வாங்கிவந்தேன். அரைப்பக்கத்துக்கும் குறைவு. தாளித்தால் சத்து எவ்வளவு போகிறது என்று கேட்டு, அன்றே சஞ்சிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன்.